பண்ணை மீனா, பிடித்த மீனா? வண்ணமீன் வளர்ப்பும் நீர்நிலைகளின் கதியும்

1. கேள்வி

சென்னை கொளத்தூரின் மீன்கடைத் தெருக்களில் மாலை நேரத்தில் நடந்தால், தண்ணீரும் காற்றும் அடைத்த பிளாஸ்டிக் பைகள் கடை வாசல்களில் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்க்கலாம். ஒரு பையில் ஏஞ்சல், ஒன்றில் டிஸ்கஸ், இன்னொன்றில் கப்பி. தனித்தனிப் புட்டிகளுக்குள் ஒன்றையொன்று முறைத்தபடி ஃபைட்டர். ஏஞ்சலும் டிஸ்கஸும் அமேசான் படுகைக்குரியவை. கப்பி டிரினிடாடையும் தென் அமெரிக்காவின் வடகரையையும் சேர்ந்தது. ஃபைட்டருக்குப் பூர்விகம் தாய்லாந்து. ஆனால் இந்தப் பைகளில் நீந்தும் மீன்களில் பெரும்பாலானவை அந்த நாடுகளின் தண்ணீரைக் கண்டதே இல்லை. வடசென்னையின் புறநகர்களிலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலும் சிமெண்ட் தொட்டியிலோ மண்குளத்திலோ பிறந்து, அங்கேயே புழு தின்று வளர்ந்தவை அவை. அமேசான் மீனுக்குத் தமிழ்நாட்டுப் பிறப்பிடம் கிடைத்துப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

உப்புநீர் மீன் விற்கும் கடைக்குள் நுழைந்தால் கதை மாறுகிறது. நீல விளக்கொளியில் திரியும் டேங், பட்டர்ஃபிளை, டாம்செல் ஆகியவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஒரு பவளத்திட்டில் யாரோ மூழ்கிப் பிடித்தவை. உலக அளவில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு இது: நன்னீர் வண்ணமீன்களில் பத்துக்கு ஒன்பது பண்ணையில் பிறந்தவை, கடல் வண்ணமீன்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டவை. இது துல்லியமான கணக்கு என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. இந்த வணிகம் முழுமைக்கும் ஒரே பதிவேடு கிடையாது. ஆனால் திசை சரி.

இதிலிருந்து மீன் வளர்ப்போரிடையே எளிய விதி ஒன்று உருவாயிற்று: பண்ணை மீனை வாங்கு, பிடித்த மீனை வாங்காதே. இயற்கைக்குக் கேடு செய்யாமல் பொழுதுபோக்கைத் தொடர இதுவே வழி என்று பொறுப்புள்ள வளர்ப்பாளர்கள் நம்புகிறார்கள். இந்த விதி எங்கே பொருந்துகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மீன் வலியை உணருமா, அதைக் கண்ணாடிக்குள் அடைப்பது முறையா என்பவை வேறு விவாதங்கள். அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

2. ஏன் இந்தப் பிளவு

பிடிப்பதா வளர்ப்பதா என்ற கவலை இந்தப் பொழுதுபோக்கின் பிறப்போடு ஒட்டியே வந்தது. 1832இல் ழான் வில்ப்ரூ பவர் என்ற பெண் ஆய்வாளர் சிசிலித் தீவில் கடலுயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து ஆராய்ந்தார். 1850இல் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கி ஒரு தொட்டியில் வாழ முடியும் என்று காட்டினார். 1854இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய 'அக்வேரியம்' என்ற நூல் இங்கிலாந்தின் வரவேற்பறைகளுக்குள் கடலைக் கொண்டுவந்தது. விளைவு என்ன? கடற்கரைப் பாறைக்குழிகளுக்குக் கூடை கூடையாகச் சேகரிக்கக் கூட்டம் வந்தது. காஸின் மகன் எட்மண்ட், 1907இல் வெளிவந்த 'தந்தையும் மகனும்' என்ற தன்வரலாற்றில், தந்தையின் புத்தகங்களே அந்தக் கரைகள் சூறையாடப்பட வழிவகுத்ததை வருத்தத்தோடு பதிவு செய்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், சென்னை மெரினாவில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த யோசனையைக் கொடுத்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன். கடல் மீனைப் பார்க்க நம்மவர்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கத் தொடங்கியது அப்போதுதான்.

நன்னீர் மீன் பண்ணைக்கு வந்ததும் கடல்மீன் வராததும் வணிகர்களின் நல்லெண்ணத்தையோ பேராசையையோ சார்ந்த விஷயமாகத் தோன்றலாம். உண்மையில் அது குஞ்சின் வாயளவைச் சார்ந்தது. கப்பியும் மோலியும் குட்டி போடும். பிறந்த நாளிலேயே குஞ்சு நீந்தும், பொடித்த தீனியைத் தின்னும். ஏஞ்சல் இலையில் முட்டை ஒட்டிக் காவல் காக்கும். ஃபைட்டர் நுரைக்கூடு கட்டும். இவற்றைப் பெருக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பொறுமையும் நல்ல தண்ணீரும் போதும்.

கடல்மீன்களில் பல, முட்டைகளைத் திறந்த நீரில் சிதறவிட்டுப் போய்விடுகின்றன. பொரிக்கும் இளவுயிரி வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதக்கும். அதன் வாய் அவ்வளவு சிறியது என்பதால், நுண்ணிய ஓட்டுடலிகளின் குஞ்சுகளை உயிரோடு வளர்த்து ஊட்ட வேண்டும். ஒருநாள் தீனி தவறினால் ஒரு தலைமுறை முழுதும் போய்விடும். மஞ்சள் டேங் மீனை ஹவாயிலுள்ள ஓஷனிக் நிலையம் 2015இல்தான் வளர்த்தெடுத்தது. நீல டேங்கை ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வகம் 2016இல் வளர்த்தது. இரண்டுக்கும் பின்னால் பல ஆண்டுத் தோல்விகள் உண்டு. விதிவிலக்கு கோமாளி மீன். அது கடல்சாமந்தியின் அருகே கெட்டியான பரப்பில் முட்டையிடுகிறது, ஆண் காவல் காக்கிறது, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரிக்கிறது. குஞ்சு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத் தின்னும் அளவுக்குப் பெரியது. கடல்மீன் பண்ணை என்ற சொல்லுக்கு இன்று முகம் கொடுப்பது கோமாளி மீன்தான்.

வளர்ப்பாளரின் வீட்டிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்கிறது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்கி வந்து, பத்தாம் நாள் கடைக்காரரைத் திட்டுவது நம் ஊரில் வழக்கம். கடல்நீரின் காரத்தன்மை அதிகம். அங்கே அதே அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சு. ஆகவே பிடித்த மீன்களே அதிகமுள்ள உப்புநீரில்தான் கற்றுக்குட்டியின் கையில் சாவும் அதிகம். ஒவ்வொரு சாவும் மறுபடி ஒரு பிடிப்பைக் கோருகிறது.

3. பார்சலோஸ்: பிடிப்பது காக்குமா?

'பிடித்த மீனை வாங்காதே' என்ற விதிக்கு எதிராக எப்போதும் முன்வைக்கப்படும் சான்று பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆறு. அதன் கரையிலுள்ள பார்சலோஸ் என்ற சிற்றூர், கார்டினல் டெட்ராவின் தலைநகரம். சிவப்பும் நீலமும் மின்னும் இந்த விரல்நுனி மீனுக்கு 1956இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அதைச் சிறு வலைகளாலும் கண்ணிகளாலும் பிடித்து வாழ்வோருக்கு அங்கே பியபெய்ரோ என்று பெயர். ஊர் வருவாயில் பாதிக்கும் மேல் ஒரு காலத்தில் இந்த மீனிலிருந்தே வந்ததாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரே கார்டினல் கட்சி, டிஸ்கஸ் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து ஆண்டுதோறும் வண்ணமீன் திருவிழாக் கொண்டாடுகிறது.

நிங் லாபிஷ் சாவ் என்ற மீனியலாளர் 1989இல் தொடங்கிய பியபா திட்டத்தின் வாதம் இப்படிப் போகிறது. கார்டினல் இயற்கையில் ஏறக்குறைய ஓராண்டு வாழும் மீன். பெருவெள்ளக் காலத்தில் ஆறு காட்டுக்குள் ஏறும்போது பெருகும். வறட்சியில் நீர் வற்றும்போது குட்டைகளில் சிக்கிக் கணக்கற்றவை மடியும். எனவே வணிகம் எடுப்பது, பெரும்பாலும் எப்படியும் சாகப்போகும் மிகுதியை. இந்த வருமானம் இருக்கும்வரை கரைவாசி காட்டை வெட்டவோ தங்கச் சுரங்கத்துக்குப் போகவோ தேவையில்லை. காடு நின்றால்தான் மீன், மீன் இருந்தால்தான் காசு என்று மக்களே அறிவார்கள்.

இந்த வாதத்தின் முதற்பாதி வலுவானது. குறுகிய ஆயுள், வேகமான பெருக்கம், வெள்ளத்தோடு ஏறி இறங்கும் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்த இனம் பிடிப்பைத் தாங்கும் என்பது மீன்வள அறிவியலின் அடிப்படைப் பாடம். இரண்டாம் பாதியில் எனக்குத் தயக்கம் உண்டு. ரியோ நெக்ரோவின் நடுப்பகுதி சாலைகளற்ற, மக்கள் அடர்த்தி குறைந்த பகுதி. அங்கே காடு நிற்பதற்கு மீன்பிடிப்பு எவ்வளவு காரணம், தொலைவு எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. மீன்பிடிப்பு இல்லாத, மற்றபடி ஒத்த இன்னொரு பகுதியோடு வைத்துப் பார்த்தாலன்றி இது சூழ்நிலைச் சான்றாகவே நிற்கும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசியப் பண்ணைகளும் ஐரோப்பியப் பண்ணைகளும் கார்டினலை வணிக அளவில் பெருக்கக் கற்றுக்கொண்டபின் பார்சலோஸின் ஏற்றுமதி சரிந்தது. நம் எளிய விதிப்படி இது வெற்றி. ஆற்றங்கரையில் நிற்பவரின் கணக்கில், அவருக்கும் ஆற்றுக்கும் இடையே இருந்த ஒரு கயிறு அறுந்தது.

4. டெனிசன் என்ற ஆளுநரின் மீன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. நமக்கு அருகில் நடந்தது, ஆவணங்களும் உள்ளன என்பதால் இதைச் சற்று விரித்துப் பேசலாம்.

சென்னை ராணுவத்தில் மருத்துவராயிருந்த பிரான்சிஸ் டே, 1865இல் கேரளத்து மலையாறு ஒன்றின் கெண்டையை விவரித்து, அப்போது சென்னை மாகாண ஆளுநராயிருந்த வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார். மூக்கிலிருந்து உடலின் பாதிவரை ஓடும் சிவப்புக்கோடு, அதன் கீழே கறுப்புக்கோடு, வாலில் மஞ்சளும் கறுப்பும். மலையாளத்தில் சோரக்கண்ணி என்று பெயர். கண்ணோரம் ரத்தம் கட்டியதுபோல் இருப்பதால் வந்த பெயர். சந்திரகிரி, வளபட்டணம், சாலியார், அச்சன்கோவில் போன்ற ஆறுகளின் பாறைக்கசங்களில் கூட்டமாகத் திரியும் இந்த மீனை நூற்றுமுப்பது ஆண்டுகள் உலகம் கண்டுகொள்ளவில்லை. 1997இல் சிங்கப்பூரின் அக்வராமா கண்காட்சியில் புது இனங்களுக்கான பிரிவில் அது மூன்றாம் பரிசு பெற்றது. அதன்பின் அது மிஸ் கேரளா ஆயிற்று.

கூட்டமாக வாழும் மீனைக் கூட்டமாகவே பிடிக்கலாம். கோடையில் ஆறு மெலிந்து கசங்களில் மீன் ஒடுங்கும்போது, ஒரு வலைவீச்சில் ஒரு கசத்தையே காலிசெய்துவிடலாம். ராஜீவ் ராகவனும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, 2005க்கும் 2012க்கும் இடையே அழிவு ஆபத்திலுள்ள 30 நன்னீர் மீனினங்களைச் சேர்ந்த குறைந்தது 15 லட்சம் மீன்கள் இந்தியாவிலிருந்து வண்ணமீன் வணிகத்துக்கு ஏற்றுமதியானதைக் காட்டியது. பெரும்பங்கு மிஸ் கேரளாவுக்கும், பட்டாணி அளவேயான கேரளத்துக் குட்டிப் பேத்தை மீனுக்கும், வரிகளுள்ள போட்டியா மீனுக்கும். இவை காகிதத்தில் பதிவானவை மட்டுமே. பையிலும் குழாய்த்தொட்டியிலும் வழியில் செத்தவை இந்தக் கணக்கில் வராது.

கேரள அரசு 2008இல் இந்த மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது: தடைக்காலம், பிடிக்கக்கூடிய அளவு, எண்ணிக்கை வரம்பு. எண்ணம் நல்லது. ஆனால் தடைக்காலம் மீனின் இனப்பெருக்கக் காலத்தோடு பொருந்தவில்லை என்று அதே ஆய்வாளர்கள் சுட்டினார்கள். முட்டையிடும் மாதங்களில் வலை ஆற்றில் இருந்தது, இடாத மாதங்களில் சட்டம் காவல் காத்தது. மீனின் வாழ்க்கையைப் படிக்குமுன் விதியை எழுதினால் இப்படித்தான் முடியும்.

பார்சலோஸில் பிடிப்பவர்க்குக் காட்டைக் காக்கும் அக்கறை பிறந்தது என்றால், இங்கே ஏன் பிறக்கவில்லை? கார்டினல்போல் இது ஓராண்டில் வந்துபோகும் மீனன்று. ஒவ்வோர் ஆற்றிலும் சிறு சிறு தனிக்கூட்டங்களாக வாழ்கிறது, ஓரிடத்தில் குறைந்தால் பக்கத்து ஆற்றிலிருந்து வந்து நிரப்ப வழியில்லை. இது ஒரு காரணம். அதைவிடக் கனமான காரணம், அந்தக் கசத்தில் யாருக்கும் நிலையான உரிமை இருக்கவில்லை என்பது. இன்று நீ பிடிக்காவிட்டால் நாளை வெளியூர்க்காரன் ஜீப்பில் வந்து பிடிப்பான் என்ற நிலையில், விட்டுவைப்பது இழப்பு. மணல் அள்ளுவது, அணைகள், பூச்சிமருந்து, வெடிவைத்து மீன்பிடித்தல் என்று ஆற்றுக்கு வேறு பகைகளும் உண்டு. வண்ணமீன் வணிகத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

இதற்கிடையில் கொச்சிக்கு அருகே பனங்காடு மீன்வளக் கல்லூரியில் இந்தக் கெண்டையைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யும் முறை உருவாயிற்று. தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளோ அதை வணிக அளவில் பெருக்கி உலகச் சந்தைக்கு அனுப்பின. இன்று ஐரோப்பாவில் ஒருவர் வாங்கும் மிஸ் கேரளா, கேரளத்தைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆறுகளின் மீதான அழுத்தம் குறைய இது உதவும் என்பதில் ஐயமில்லை. நம் உயிர்வளத்தைப் பிறர் கொண்டுபோய்ப் பணம் பண்ணுகிறார்களே என்ற மனத்தாங்கலும் எழுந்தது. இந்தியாவின் 2002ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டம் பயன்பகிர்வைப் பேசுகிறது, ஆகவே கேள்வி சட்டப்படி வெறுமையானதன்று. ஆனால் அதைக் கேட்கும் நாம் கொளத்தூரின் ஏஞ்சல் பைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். அமேசான் மீனை வளர்த்து விற்பதற்கு நம் பண்ணைக்காரர் பிரேசிலின் எந்த ஆற்றுக்கும் ஒரு பைசா கொடுத்ததில்லை.

பண்ணை ஒரு மீனின் வணிகத்தைக் காப்பாற்றி, மீனின் ஆற்றைக் கைவிடவும் கூடும். செவ்வால் கறுஞ்சுறா என்று கடைகளில் விற்கும் சிறு மீன் இதற்குச் சாட்சி. பெயர்தான் சுறா, கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்துக்கே உரியது. தன் ஆறுகளில் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. பண்ணைகளிலோ கணக்கற்ற எண்ணிக்கையில் பிறந்து உலகெங்கும் மலிவாக விற்கப்படுகிறது. அதை வாங்கும் யாரும் சட்டத்தையோ அறத்தையோ மீறவில்லை. அந்த ஆற்றைப் பற்றி அவர்கள் நினைக்க எந்தக் காரணமும் இல்லை, அவ்வளவே.

5. பவளத்திட்டில்

கடல்மீன் வணிகத்தைப் பற்றிய முதல் பெரிய தொகுப்பு 2003இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்திலிருந்து வந்தது. ஆண்டுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி மீன்கள், 1,471 இனங்கள், 20 கோடி முதல் 33 கோடி டாலர் வரையிலான மதிப்பு என்பது அதன் கணிப்பு. 2012இல் ஆண்ட்ரூ ரைன் குழுவினர் அமெரிக்க இறக்குமதியின் ஓராண்டு விலைச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து, அந்த ஒரு நாட்டுக்குள் மட்டும் 1 கோடியே 10 லட்சம் மீன்கள், 1,802 இனங்கள் வந்ததைக் கண்டார்கள். சுங்க அறிவிப்புகளில் எழுதிய எண்ணிக்கையும் விலைச்சீட்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. உலக மதிப்பீட்டைவிட ஒரே நாட்டின் பட்டியலில் இனங்கள் அதிகம் என்றால், முன்பிருந்த அறிவு எவ்வளவு மெல்லியது என்று ஊகிக்கலாம்.

பிடிக்கும் முறையில் மிகக் கொடியது சயனைடு. 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் பரவிய பழக்கம் இது. சோடியம் சயனைடு வில்லையைப் பிழியும் புட்டியில் கரைத்து, பவள இடுக்கில் ஒளிந்த மீனின் மேல் பீய்ச்சுவார்கள். மீன் மயங்கி மிதக்கும். கூடவே பவளமும் நஞ்சேறும். பிழைத்த மீன், வாங்கியவரின் தொட்டிக்கு வந்தபின் காரணம் தெரியாமல் சாகும். இந்த ஒரு செய்தியே 'பிடித்த மீன் வேண்டாம்' என்பதற்குப் போதும் என்று தோன்றலாம். ஆனால் கைவலையால் பிடிக்கும் முக்குளிப்பாரும் அதே கடலில் இருக்கிறார்கள். இரண்டு மீனும் ஒரே கடையில், ஒரே நீல விளக்கின் கீழ் வந்து சேர்கின்றன. பார்த்துப் பிரித்தறிய வழியில்லை.

பங்காய் கார்டினல் மீன், பிடிப்பு எப்போது கேடாகும் என்பதற்கான பாடநூல் உதாரணம். சுலவேசிக்குக் கிழக்கே பங்காய்த் தீவுக்கூட்டத்தில் மட்டும் வாழ்வது. 1933இல் விவரிக்கப்பட்டு மறக்கப்பட்டது. 1994இல் ஜெரால்ட் ஆலன் மறுபடி கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் அடைகாக்கும். மிதக்கும் இளம்பருவம் கிடையாது. ஆகவே ஒரு திட்டில் அழிந்தால் நீரோட்டம் வேறொரு திட்டிலிருந்து குஞ்சைக் கொண்டுவராது. சில ஆண்டுகளுக்குள் வணிகம் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது. 2007இல், அருகிவரும் உயிரினங்களை உலக அளவில் தொகுக்கும் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனமாயிற்று.

வாயில் அடைகாக்கும் பண்பினாலேயே இதைத் தொட்டியில் வளர்ப்பது எளிது, பண்ணைகளும் வளர்த்தன. ஆனால் பிடித்தது மலிவு என்பதால் பண்ணை மீன் அதைச் சந்தையிலிருந்து விரட்டவில்லை. தொழில்நுட்பம் இருந்தால் பிடிப்பு தானே நின்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த மீன் ஒரு பதில்.

பிறகு 'நீமோ'. 2003இல் அந்தத் திரைப்படம் வந்தபின் கோமாளி மீனுக்கான கிராக்கி எகிறி, திட்டுகள் காலியாயின என்று நாளிதழ்கள் எழுதின. தேய்ன் மிலிட்ஸும் சைமன் ஃபோலும் 2017இல் சான்றுகளைத் தேடிப் பார்த்தபோது, அந்தக் கூற்றுக்கு அடியில் உறுதியான தரவு மிகக் குறைவாகவே கிடைத்தது. 2016இன் 'டோரி' படத்தைப் பற்றி நடந்த பின்னைய ஆய்வும் நீல டேங் இறக்குமதி அதனால் பெருகியதற்குச் சான்று காணவில்லை. வணிகத்தை வெள்ளையடிக்க இதைச் சொல்லவில்லை. கடலைக் காக்க எழுதுபவர்களும் ஒருவர் கூற்றை மற்றவர் படியெடுத்தே பரப்புகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

6. மண்டபமும் 2017ஆம் ஆண்டும்

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. பவளமும் கடல்குதிரையும் 2001இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. நம் கடலின் பவளத்தையோ கடல்குதிரையையோ வீட்டுத் தொட்டியில் வைத்திருப்பது இன்று குற்றம். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் 'பவளத்தொட்டி' கனவு காணும் நம் இளைஞர்களில் பலருக்கு இது தெரியாது.

அந்த வளைகுடாவின் கரையில், மண்டபத்தில், மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் கோமாளி மீன், டாம்செல் முதலியவற்றின் குஞ்சுப்பொரிப்பு முறைகளை உருவாக்கியது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இதில் உழைத்தது. கரையோரக் குடும்பங்களுக்குப் பயிற்சி, குஞ்சு வாங்கி வளர்த்து விற்கும் சிறுதொழில் என்று அது விரிந்தது. பிடிக்கும் கை வளர்க்கும் கையாக மாற முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கிடைத்த நல்ல சான்று இது.

இந்தப் பின்னணியில் 2017 மே மாதம் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் மீன்தொட்டிக் கடைகளுக்கான விதிகளை அறிவித்தது. விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த அந்த விதிகள் 158 மீனினங்களை விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை செய்தன. பட்டியலில் கோமாளி மீனும் இருந்தது. ஒன்றிய அரசின் ஒரு நிறுவனம் வளர்க்கக் கற்றுக்கொடுத்த மீனை, ஒன்றிய அரசின் இன்னொரு துறை வைத்திருக்கவே கூடாது என்றது. பிறந்தது எங்கே, பிடித்ததா வளர்த்ததா என்ற வேறுபாடு அந்தப் பட்டியலில் இல்லை. கொளத்தூர் வணிகர்கள் எதிர்த்தார்கள், விதிகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. வணிகர்கள் வென்றது பற்றி எனக்கு மகிழ்ச்சியோ துயரமோ இல்லை. கடைகளில் மீன் படும் பாட்டைச் சீர்செய்யும் பகுதிகளும் அந்த விதிகளில் இருந்தன. அவையும் சேர்ந்தே போயின. மூலம் கேட்காத சட்டம் கெட்டதைத் தடுக்குமுன் நல்லதைத் தடுத்தது.

7. திரும்பிப் போகும் மீன்

பண்ணை மீன் கேடற்றது என்ற நம்பிக்கையில் இன்னொரு ஓட்டை உண்டு: மீன் தொட்டியிலேயே இருந்துவிடும் என்று அது எண்ணுகிறது. ஃபுளோரிடாவில் 1985இல் முதலில் காணப்பட்ட சிங்கமீன் இன்று கரீபியன் முழுவதும் பரவிவிட்டது. நம் ஊரில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் சக்கர் மீன் பாசி தின்னும் என்று வாங்கப்படுகிறது. முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் இரக்கப்பட்டு ஏரியில் விடப்படுகிறது. முள்ளுக்கவசம் பூண்ட அந்த மீனைக் கொக்கும் தின்பதில்லை, வலையையும் அது கிழிக்கிறது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலத்திலும் திருவனந்தபுரத்தின் சாக்கைக் கால்வாயிலும் தமிழ்நாட்டின் ஏரிகளிலும் அது நிலைத்துவிட்டது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் ஆற்றில் வலைபோட்டவர்களுக்கு அமேசானின் அரபைமா சிக்கியது. இவையெல்லாம் பிடித்த மீனால் வந்த கேடுகள் என்று சொல்ல முடியாது. சக்கர் மீன் பண்ணையில் பிறந்தது.

8. தீர்ப்பு

இத்தனை சான்றுகளையும் வைத்துப் பார்க்கும்போது, பண்ணையா பிடிப்பா என்பது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்ற முடிவுக்கே வருகிறேன். முதற்கேள்விகள் இரண்டு. அந்த இனத்தின் வாழ்க்கைமுறை பிடிப்பைத் தாங்குமா? அந்த வணிகத்தால் நீரைக் காக்கும் அக்கறை கரையில் யாருக்காவது பிறக்கிறதா? கார்டினலுக்கு முதற்கேள்வியின் விடை ஆம். இரண்டாவது, ஐயத்தோடு ஆம். மிஸ் கேரளாவுக்கும் பங்காய் கார்டினலுக்கும் இரண்டுமே இல்லை. அவற்றைப் பண்ணையிலிருந்து மட்டுமே வாங்க வேண்டும். செவ்வால் கறுஞ்சுறாவை வாங்குவதில் தவறில்லை, ஆனால் அதனால் ஓர் ஆறும் பிழைக்காது. தமிழ்நாட்டில் கடல்மீன் வளர்க்க விரும்புபவருக்கு நேர்மையான வழி இன்று ஒன்றே: குஞ்சுப்பொரிப்பகத்திலிருந்து வந்த கோமாளியும் டாம்செலும். மற்றவற்றின் மூலம் தெரியும்வரை கைவைக்கக் கூடாது.

மூலம் தெரிவதற்கு என்ன வழி? 1998இல் மரைன் அக்வேரியம் கவுன்சில் என்ற அமைப்பு, பிடிக்கும் இடம் முதல் கடைவரை சான்றிதழ் தரும் பெரிய முயற்சியைத் தொடங்கியது. அது நிலைக்கவில்லை. சான்றிதழுக்கு ஆன செலவை மீனின் விலை தாங்கவில்லை, வாங்குபவரும் கூடுதல் விலை தரவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். எனவே அவ்வளவு பெரிய ஏற்பாட்டை நம் ஊரில் கேட்கப்போவதில்லை. கொளத்தூரில் வளர்ப்பவர், மொத்த வணிகர், சில்லறைக் கடைக்காரர் எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் தூரத்தில் இருக்கிறார்கள். மீன் எந்தத் தொட்டியில் பிறந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. வாங்குபவர் காதுக்கு மட்டும் அது வருவதில்லை.

இன்னொன்று. தாமிரபரணியில் மட்டும் இயற்கையாக வாழும் கெண்டை ஒன்று உண்டு. முதுகுத்துடுப்பில் நூல்போல் நீளும் கதிர்கள் கொண்டது, சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்திலுள்ளது. அதை வகைப்படுத்திப் பெயரிட்டவர், பின்னாளில் மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநரான ஈ. ஜி. சைலஸ். வெளிநாட்டு வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் இந்த மீன் இருக்கிறது. பிரேசில் மீனைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய நம் பண்ணைக்காரர்களின் கைத்திறனுக்கு இது பெரிய வேலையன்று. மீன்வளத்துறை தாய்மீன் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கு ஆற்றங்கரைக்குத் திரும்பும்படி ஒப்பந்தம் செய்தால், வணிகம் கரையைக் காக்கும் என்ற, பார்சலோஸில் ஐயத்துக்குரியதாக நிற்கும் அந்த வாதத்தின் இரண்டாம் பாதியை இங்கே சோதித்தே பார்த்துவிடலாம்.

அதுவரை கேட்பது ஒரு சீட்டு. பையின் மேல் ஒட்டும் சிறு சீட்டு, அதில் மூன்று வரி: மீனின் பெயர், பிறந்த ஊர், வளர்த்ததா பிடித்ததா. பிஸ்கட் பொட்டலத்தில்கூடச் செய்த ஊரும் நாளும் அச்சாகியிருக்கின்றன. கொளத்தூரில் இன்று மாலை கைமாறும் மீன்பைகளில் ஒன்றுமே எழுதியிருக்காது.